முன் பம்பர்: குழாயா, சேனலா, பெட்டிக் குழாயா, தகடா?

கரடுமுரடான பாதையில் ஓட்டும் வண்டிக்கு இரும்பு முன் பம்பரைச் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் வரைவது முகப்பை. விளக்கு எங்கே, ஓரம் எப்படி மேலேற வேண்டும், வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் இயந்திரம்) வெளியே தெரியலாமா என்று பேச்சு போகும். பம்பர் தாங்குமா என்பது அதன் முதுகில் இருக்கிறது: சேஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) இரண்டு நுனிகளில் அது எப்படி உட்காருகிறது, இழுக்கும்போது விசை எந்த வழியாகச் சேஸுக்குப் போகிறது. வட்டக் குழாய், சேனல், பெட்டிக் குழாய், மடித்த தகடு என்ற நான்கு வழிகளையும் இங்கே அந்தக் கண்ணோடுதான் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு விலக்கு. வண்டியில் முன் ஏர்பேக்கும், பம்பருக்குப் பின்னால் மோதலில் நசுங்குவதற்கென்றே வைத்த பெட்டிகளும் இருந்தால், இந்த நான்கில் எதுவும் அந்த வண்டிக்கு வேண்டாம். அந்தப் பெட்டிகள் நசுங்கும் வேகத்தை வைத்துத்தான் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கே போடப்பட்டிருக்கிறது. அவற்றைக் கழற்றிவிட்டுக் கனத்த தகட்டில் பம்பரை நேராகக் கட்டினால், அதிர்ச்சி குறையாமல் உள்ளே வரும். ஏர்பேக்கின் நேரமும் தப்பும். பெட்டிகளை வைத்துக்கொண்டே வின்ச் கட்டினால், நசுங்கச் செய்த பொருள் டன் கணக்கில் இழுவிசையைத் தாங்க வேண்டிவரும். அந்த மாதிரி வண்டிக்கு, அந்த மாடலுக்கென்று சோதித்து விற்கும் பம்பரை வாங்குவதே சரி. ஏணிச் சேஸ் (இரு நீளச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும் அடிச்சட்டம்) உள்ள, ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகள்தான் வீட்டுப் பட்டறைக்கு ஏற்றவை. இரும்பு பம்பர் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. தகட்டை வெட்டுவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எடையை முதலில் கணக்கிடுங்கள்

1 மி.மீ. தடிமன் இரும்புத் தகடு 1 சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. இந்த ஒரு எண் போதும், பம்பர் எவ்வளவு வரும் என்று காகிதத்திலேயே தெரிந்துவிடும். 3 மி.மீ. தகடு 23.5 கிலோ, 4 மி.மீ. 31.4, 5 மி.மீ. 39.3, 6 மி.மீ. 47.1.

வழக்கமான அகலத்தில், சேஸ் பிடிப்புகளும் (பம்பரைச் சேஸோடு இணைக்கும் தகடுகள்) வின்ச் தட்டும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வட்டக் குழாய் பம்பர் 35 முதல் 40 கிலோ, சேனலும் பெட்டிக் குழாயும் 45 கிலோவை ஒட்டி, 4 மி.மீ. தகட்டில் மடித்தது 55, அதையே 5 மி.மீ. தகட்டில் செய்தால் 65 கிலோ. வின்ச் இதற்கு மேல் 25 முதல் 40 கிலோ.

இந்த எடை முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதுதான் சிக்கல். 2.4 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில், முன் அச்சிலிருந்து 0.8 மீட்டர் முன்னால் 80 கிலோ வைத்தால், முன் அச்சின் சுமை 80 கிலோ கூடுவதில்லை. 107 கிலோ கூடும். பின் அச்சில் 27 கிலோ குறையும். முன் ஸ்பிரிங் அமுங்கும், ஹெட்லைட் வெளிச்சம் கீழே விழும், ஈரச் சாலையில் பின் டயரின் பிடி குறையும். 5 மி.மீ.க்குப் பதில் 4 மி.மீ. எடுத்தால் மிச்சமாகும் 10 கிலோவும் அச்சில் 13 கிலோவாகத் தெரியும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தடிமனைக் கூட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பிடிப்பு பலவீனமாக இருந்தால் முகத் தகட்டின் தடிமன் எதையும் காப்பாற்றாது.

வட்டக் குழாய்

எடை குறைவு, ரேடியேட்டருக்குக் காற்று தாராளம், முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இடம் அடைக்காது. பாறை ஏறும் வண்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. முதன்மைக் குழாய் 60.3 மி.மீ. விட்டம், 3.6 மி.மீ. சுவர், மற்றவை 48.3 விட்டம், 3.2 சுவர். இதற்கு மெல்லியதில் இறங்கினால் ஒரு கல் பட்டாலே குழி விழும்.

கருவிதான் இதில் தடை. தண்ணீர்க் குழாய்க்கென்று செய்த ஹைட்ராலிக் வளைப்பானில் இந்தக் குழாயைக் கொடுத்தால் வளைவின் உட்புறம் தட்டையாகும், பாதி நேரம் மடிந்தே போகும். குழாயின் வெளி விட்டத்துக்குச் சரியான அச்சுள்ள வளைப்பான் வேண்டும். வளைவின் மைய ஆரம் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது, அதாவது 48.3 குழாய்க்கு 145 மி.மீ. நெடுக வெல்டு ஓடும் குழாயானால் அந்தத் தையல் வளைவின் வெளியிலும் உள்ளிலும் வராமல் பக்கவாட்டில் வருமாறு திருப்பி வையுங்கள். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் மீன்வாய் வெட்டு (ஒரு குழாயின் நுனி மற்றதன் வளைவில் பொருந்த எடுக்கும் வெட்டு) ஹோல்சாவால், அதாவது வட்டத் துளை அறுக்கும் ரம்பத்தால், எடுக்கப்பட வேண்டும். கிரைண்டரில் கண்மட்டமாக வெட்டி, 3 மி.மீ. இடைவெளியை வெல்டால் நிரப்புவது பலம் தராது. நாகப் பூச்சுள்ள குழாயைத் தவிர்த்துவிடுங்கள். வேறு வழியில்லை என்றால் வெல்டு வரும் இடத்தின் இரு பக்கமும் பூச்சைச் சுத்தமாக அரைத்து எடுத்து, திறந்த வெளியில் செய்யுங்கள். நாகப் புகை அன்று இரவே காய்ச்சலாக இறங்கும்.

குழாய் பம்பரில் அடிக்கடி நடக்கும் தப்பு, ஷேக்கிள் காதை (இழுவைக் கயிற்றின் கொக்கி வளையமான ஷேக்கிளை மாட்டும் துளையிட்ட தகட்டை) குழாயின் சுவர்மேல் ஒட்டவைப்பது. 3.2 மி.மீ. சுவர் ஒரு நல்ல இழுப்பில் காதோடு சேர்ந்து பிய்ந்து வரும். காது குழாயை ஊடுருவிப் பின்னால் சேஸ் பிடிப்பில் சேர வேண்டும், அல்லது குழாயைத் தொடாமல் நேரே பிடிப்பிலிருந்தே புறப்பட வேண்டும்.

சேனல்

150×75 சேனலைச் சேஸ் நுனியில் வைத்து முடுக்கிவிட்டால் ஒரு நாளில் பம்பர் தயார். வளைப்பும் மடிப்பும் இல்லை. மீட்டருக்கு 17, 18 கிலோ வரும். ஆனால் ஒரு பக்கம் திறந்த வடிவம் என்பதால் முறுக்குக்கு இது மிகவும் இளகியது. அதே அளவை ஒட்டிய மூடிய பெட்டிக் குழாயின் முறுக்கு விறைப்பு சேனலைப்போல் நூறு மடங்குக்கும் மேல். ஓரத்தில் ஜாக் வைத்துத் தூக்கும்போதும், வண்டியைக் கோணலாக வின்ச்சில் இழுக்கும்போதும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வின்ச் வேண்டாம், புதரும் கிளையும் தள்ளினால் போதும் என்பவருக்கு மட்டும் சேனல் சரி.

பெட்டிக் குழாய்

முதல் பம்பர் செய்பவர் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 150×100×5 பெட்டிக் குழாய், மீட்டருக்குச் சுமார் 18.5 கிலோ. நடுத்துண்டு 1.1 மீட்டர் போதும். சேஸ் நுனிகள் இரண்டையும் தாண்டிப் பக்கத்துக்கு ஒரு சாண் நீளும். அதற்கப்பால் உள்ள சிறகுகளை 3 மி.மீ. தகட்டில் செய்து ஒட்டலாம். சிறகு மெல்லியதாக இருப்பது நல்லதுதான்: பாறையில் இடித்தால் சிறகு சப்பும், சேஸ் நுனி பிழைக்கும். சிறகையும் 5 மி.மீ. பெட்டியாகக் கட்டிவிட்டால், ஓரத்தில் விழும் அடி நீண்ட நெம்புகோலாகி நேரே சேஸைத் திருகும்.

இதற்குத் தேவையானவை ஒரு கிரைண்டர், ஒரு வெல்டிங் மெஷின், ஒரு துளைக்கருவி. ஓரம் பின்னோக்கித் திரும்ப வேண்டுமென்றால் குழாயின் பின்சுவரிலும் மேல் கீழ்ச் சுவர்களிலும் ஆப்பு வடிவில் வெட்டி, முன்சுவரை மட்டும் விட்டுவைத்து மடித்து, மூன்று பக்கமும் வெல்டு செய்யலாம். 150 மி.மீ. முகம் முன்னோக்கி நிற்க, ஆழம் 100 மி.மீ. என்று வைத்தால், 20 டிகிரி திருப்பத்துக்குப் பின்சுவரில் ஆப்பின் அகலம் 35 மி.மீ. வரும்.

குறையும் உண்டு. பெட்டிக்குள் வின்ச் அடங்காது. குழாய்க்குப் பின்னால், இரு சேஸ் பிடிப்புகளுக்கும் நடுவில், 6 மி.மீ. தட்டு ஒன்றைக் கட்டி அதில் வைக்க வேண்டும். கயிறு குழாயின் மேலாகவோ, குழாயில் வெட்டிய வாயின் வழியாகவோ வெளிவரும். வாய் வெட்டினால் அதன் உட்சுற்றை 6 மி.மீ. பட்டையால் கட்டி மூடிவிடுங்கள். திறந்து விட்டால் பெட்டியின் பலம் அந்த இடத்தில் போய்விடும், உள்ளே தண்ணீரும் புகும்.

மடித்த தகடு

வின்ச்சை முழுதாக விழுங்கி, விளக்கு, இழுவைக் காது, கீழ்க்கவசம் எல்லாம் ஒரே உடலில் அடங்கும் வடிவம் இது. பார்ப்பதற்கும் முழுமையாக இருக்கும். உழைப்பும் பிழைக்கு இடமும் இதில்தான் அதிகம்.

அட்டையில் முழு அளவில் வெட்டி, வண்டியில் ஒட்டிப் பார்க்காமல் தகட்டில் கை வைக்காதீர்கள். அட்டையில் சரியாக இருந்தது தகட்டில் பிசகும், ஏனென்றால் தகட்டுக்குத் தடிமன் உண்டு. மடிக்கும் மெஷினில் 5 மி.மீ. தகட்டைக் கொடுத்தால், வழக்கமான 40 மி.மீ. அச்சில் மடிப்பின் உள்ஆரம் 6, 7 மி.மீ. வரும், 28 மி.மீ.க்குக் குறைந்த உதட்டை (மடிந்து நிற்கும் ஓரத்தை) அந்த அச்சு பிடிக்கவே பிடிக்காது. எனவே மடிப்புக் கழிவை (மடிப்புக்காக வெட்டு அளவில் கழிக்க வேண்டிய நீளத்தை) மெஷின்காரரிடம் கேட்டு, அதன் பிறகு வெட்டு அளவை எழுதுங்கள்.

மெஷின் இல்லாதவர்களுக்குக் காடி (நீளப் பள்ளக் கோடு) வெட்டி மடிக்கும் முறை உண்டு. 5 மி.மீ. தகட்டில் மடிப்புக் கோட்டின் உட்புறம் 3 மி.மீ. ஆழத்துக்குக் கிரைண்டரால் நேரான காடி போட வேண்டும். தகட்டின்மேல் ஒரு கோண இரும்பை இரண்டு கிளாம்பில் பிடித்து, அதன் விளிம்பை ஒட்டியே டிஸ்க்கை ஓட்டினால் கோடு அலையாது. ஒரே மூச்சில் 3 மி.மீ. இறங்கப் பார்க்காதீர்கள், மூன்று நான்கு முறை மெல்ல ஓட்டுங்கள். காடியின் அகலம்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. 1 மி.மீ. டிஸ்க்கில் போட்ட காடி ஏறக்குறைய 20 டிகிரி மடிந்ததும் காடியின் இரு ஓரமும் முட்டி நின்றுவிடும். 45 டிகிரி வேண்டுமென்றால் காடி இரண்டரை மி.மீ. அகலம் இருக்க வேண்டும். காடியின் இரு முனையிலும் ஆழம் குறைந்துபோவது வழக்கம். அங்கேதான் மடிப்பு முரண்டு பிடித்துத் தகடு நெளியும், ஆகவே முனைகளை மறுபடி பார்த்துச் சரிசெய்யுங்கள். மடித்ததும் உட்புறம் முழு நீளத்துக்கும் வெல்டு போட வேண்டும். அதுவரை அந்தக் கோட்டில் மிச்சமிருப்பது வெறும் 2 மி.மீ. இரும்பு. வெளிப்புறம் வெல்டே இல்லாமல் சுத்தமான மடிப்பாக நிற்பது இந்த முறையின் லாபம்.

தகட்டு பம்பருக்கு 4 மி.மீ. போதும். உள்ளே 300 மி.மீ.க்கு ஒன்றாக முட்டுத் தகடு நிறுத்தினால், முட்டில்லாத 6 மி.மீ. முகத்தைவிட அது விறைப்பாக நிற்கும். அளவுக்கு வெட்டியே விற்கும் தகடுகளின் தொகுப்பை வாங்கி ஒட்டவைப்பதும் இந்த வகைதான்; அளவெடுக்கும் வேலை மிச்சம், வெல்டிங் வேலை அப்படியே இருக்கும்.

வின்ச்சை உள்ளே மறைக்கும்போது கைமறதியாக நடக்கிற ஒன்று: பற்சக்கரத்தை விடுவிக்கும் நெம்பு எட்டாத இடத்தில் போய்விடும், அல்லது கால் போல்டுகளுக்கு ஸ்பேனர் நுழையாது. பொதுவான வின்ச்சுகளின் காலில் நான்கு துளைகள், 254×114.3 மி.மீ. இடைவெளியில். உண்மையான வின்ச்சையே தட்டில் வைத்து, நெம்பை முழுதாகத் திருப்பிப் பார்த்து, ஸ்பேனரைக் கீழிருந்து விட்டுப் பார்த்த பிறகுதான் மேல்மூடியை ஒட்டுங்கள். வின்ச்சோடு வரும் போல்டு பெரும்பாலும் 6 மி.மீ. தட்டுக்குக் கணக்கிட்டது. தட்டு 10 மி.மீ. ஆனால் அந்தப் போல்டில் நட்டைப் பிடிக்கும் மரை குறைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான முதுகெலும்பு

எந்த வடிவமானாலும் சேஸ் பிடிப்பு ஒன்றுதான். 8 அல்லது 10 மி.மீ. தகடு, சேஸ் நுனியின் பக்கச்சுவரை ஒட்டிக் குறைந்தது 150 மி.மீ. பின்னால் போக வேண்டும். பக்கத்துக்கு நான்கு எம்12 போல்டு, 8.8 கிரேடு, சுமார் 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு. புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால் சேஸின் பக்கச்சுவரில், உயரத்தின் நடுப்பகுதியில் போடுங்கள். மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் துளைக்காதீர்கள். சேஸ் வளையும்போது இழுவையும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். மூடிய சேஸாக இருந்தால் ஒவ்வொரு போல்டுக்கும் உள்ளே ஒரு குழாய்த் துண்டு வேண்டும். அது இல்லாமல் முறுக்கினால் சேஸின் சுவர்கள் உள்வாங்கும். முறுக்கு ஏறுவதுபோல் தெரியும், ஒரு மாதத்தில் போல்டு தளர்ந்திருக்கும். பம்பரைச் சேஸோடு நேராக வெல்டு செய்துவிடுவது சுலபமாகத் தோன்றும். வெல்டின் ஓரத்தில் சேஸ் விரிசல் விட்டால் அதைச் சரிசெய்யும் வேலை பம்பர் செய்வதைவிடப் பெரியது.

இழுவைக் காதுக்கு 20 மி.மீ. தகடு எடுங்கள். 4.75 டன் வேலைச்சுமை உள்ள 19 மி.மீ. ஷேக்கிளின் ஊசி 22 மி.மீ. இருக்கும், அதற்கு 25 மி.மீ. துளை. துளையைச் சுற்றி எந்தப் பக்கமும் 25 மி.மீ. இரும்பாவது மிஞ்ச வேண்டும். துளையின் கூர் விளிம்பை உருட்டிவிடுங்கள். காது முகத் தகட்டில் வெட்டிய பொந்து வழியாக உள்ளே நுழைந்து, சேஸ் பிடிப்புத் தகட்டோடு 100 மி.மீ. நீளமாவது சேர்ந்து இருபுறமும் வெல்டு ஆகட்டும். முகத்தின்மேல் மட்டும் ஒட்டிய காதை இழுக்கும்போது விசை தகட்டை உரிக்கிறது: வெல்டு பிழைத்தாலும் அதைச் சுற்றியுள்ள 4 மி.மீ. தகடு வட்டமாகக் கிழிந்து, காது ஷேக்கிளோடு பறக்கும். இழுவைக் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரின் உயிர் அந்த ஒரு இணைப்பில் இருக்கிறது. வெல்டிங் கையில் சந்தேகம் உள்ளவர்கள் இந்தக் காதுகளையும் பிடிப்புகளையும் மட்டுமாவது தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பம்பருக்கும் வண்டி உடலுக்கும் நடுவில் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். உடல் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது, பம்பர் சேஸில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக அசையாது. அழகுக்காக 8 மி.மீ. வைத்தால் முதல் குறுக்குப் பள்ளத்திலேயே முன் மட்கார்டு நசுங்கும். சக்கரத்தை முழுதாகத் திருப்பி, ஒரு பக்க ஸ்பிரிங்கை முழுதாக அமுக்கி, சிறகில் டயர் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

வெல்டு இழுக்கும்

டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைத்தபோது எல்லாப் போல்டும் விரலால் நுழைந்தன, முழு வெல்டு முடிந்ததும் ஒன்றும் நுழையவில்லை. இந்தப் புலம்பலுக்குக் காரணம் சுருக்கம். வெல்டு ஆறும்போது இரண்டு பிடிப்புகளுக்கு இடையேயான தூரம் சில மில்லிமீட்டர் குறைந்துவிடும், முகமும் வில்போல் வளையும். சேஸின் அளவுக்கே ஒரு சேனல் துண்டில் துளை போட்டு, பிடிப்புகளை அதில் முடுக்கி வைத்து வெல்டு செய்யுங்கள். முழுதாகக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை கழற்றாதீர்கள். நீள வெல்டுகளை 40, 50 மி.மீ. துண்டுகளாக இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மிக் வெல்டிங்கில் 0.9 கம்பியும், 5 மி.மீ. தகட்டுக்கு 150 முதல் 180 ஆம்பியரும். ஆர்க் என்றால் 3.15 மி.மீ. ராடு, பிடிப்புகளுக்கும் காதுகளுக்கும் 7018 வகை ராடு, ஆனால் அது காய்ந்திருக்க வேண்டும், ஈரம் ஏறிய ராடு வெல்டுக்குள் துளையும் விரிசலும் விடும். 20 மி.மீ. காதை மெல்லிய தகட்டோடு சேர்க்கும்போது சூட்டைக் கனத்த பக்கம் சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் மெல்லியது உருகும், கனத்தது ஒட்டாமல் மேலே வழிந்து நிற்கும். வண்டியில் வைத்து டேக் அடிப்பதானால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

பூச்சு

மூடிய பெட்டியின் தாழ்ந்த இடங்களில் 8 மி.மீ. வடிகால் துளை அவசியம். பவுடர் பூச்சு அழகானது, ஆனால் கல்பட்டு உதிர்ந்த இடத்திலிருந்து துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். உரசலுக்கென்றே செய்யும் பம்பருக்கு நாகம் கலந்த பிரைமரும் சாதாரண எனாமலும் மேல். தூரிகையால் எப்போது வேண்டுமானாலும் தொட்டுவிடலாம். சுடுநாகத்தில் முக்குவதானால் மூடிய அறை ஒவ்வொன்றுக்கும் காற்றுத் துளை விடுங்கள். அடைபட்ட காற்றும் ஈரமும் தொட்டியில் வெடிக்கும்.

யாருக்கு எது

நல்ல வளைப்பான் கையில் இருந்து, பாறைப் பாதையும் எடைக் கவலையும் உள்ளவருக்கு வட்டக் குழாய். வின்ச்சும் கீழ்க்கவசமும் ஒரே உடலில் வேண்டும், மடிக்கும் மெஷினும் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் 4 மி.மீ. தகடு. கையில் கிரைண்டரும் வெல்டிங் மெஷினும் மட்டுமே உள்ளவர் பெட்டிக் குழாயை எடுக்கட்டும். அதன் நடுத்துண்டு நேராக இருக்கும்வரை பிழை செய்ய இடமே குறைவு. பிறகு சிறகு பிடிக்காவிட்டால் அறுத்துவிட்டு வேறு வடிவம் ஒட்டிக்கொள்ளலாம்.

மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும், முதல் கனத்த இழுவை முடிந்ததும், எல்லாப் போல்டையும் டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். காதும் பிடிப்பும் சேரும் வெல்டின் ஓரத்தைத் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அங்கே பெயின்டில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தால், அதன்மேல் பெயின்ட் பூசாதீர்கள். அரைத்து எடுத்து, இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதுவரை அந்தக் காதில் ஷேக்கிளை மாட்டாமல் இருங்கள்.